உப்புக்காற்றில் ட்ரம்பெட்: பழவேற்காட்டுக் கரையில் கருவி தேர்வதற்கு ஒரு வழிகாட்டி

ட்ரம்பெட் மூன்று வால்வுகள் கொண்ட பித்தளை ஊதுகருவி. கல்யாண ஊர்வலம், மாதா தேர்பவனி, இறுதி ஊர்வலம் என எங்கே பேண்டு செட் போனாலும் மெட்டை முன்னின்று நடத்துவது பெரும்பாலும் இதுவே. திருவள்ளூர் மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் உள்ள பழவேற்காடு, 1515ஆம் ஆண்டைத் தொடக்கமாகக் கொண்ட மகிமை மாதா ஆலயம் இருக்கும் ஊர். அதைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் சில கடலுக்கும் ஏரிக்கும் நடுவிலான மணல்திட்டில் இருக்கின்றன. கூனங்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம், அரங்கங்குப்பம் போன்ற ஊர்களில் எந்தப் பக்கம் காற்றடித்தாலும் அதில் உப்பு இருக்கும். ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பை எதுவும் இல்லாமல் அலமாரியில் வைத்த இரும்புப் பூட்டே அங்கே சீக்கிரம் துருவேறும்.

ஆகவே இந்தக் கரையில் ட்ரம்பெட் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, ஐந்து ஆண்டுக்குப் பிறகும் அது ஊதும் நிலையில் இருக்குமா என்பதைத்தான். கூடவே, அதோடு சேர்ந்து ஊதவும் அதைப் பராமரிக்கவும் ஊரில் நாலு பேர் இருப்பார்களா என்பதையும் பார்க்க வேண்டும். ஒலியும் பளபளப்பும் அதற்குப் பிறகு. கருவியின் வகை, புதியதா பழையதா, மேற்பூச்சு, மவுத்பீஸ், கற்கும் வழி, உடைமை என்ற வரிசையில் முடிவெடுத்தால் பணம் வீணாகாது.

எந்த வகைக் கருவி

பேண்டுகளில் பரவலாக உள்ளது பி-பிளாட் ட்ரம்பெட். விரித்து நீட்டினால் அதன் குழாய் ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் வரும். வால்வு எதையும் அழுத்தாமல் ஊதும் அடிப்படைச் சுரம் நம் கணக்கில் ஆறரைக் கட்டை. பி-பிளாட் கிளாரினெட்டுக்கும் இதே சுருதி என்பதால் இரண்டும் ஒரே சுரத்தாளைப் பார்த்து வாசிக்கலாம். சிறு குழுவுக்கு இது பெரிய வசதி. பேண்டில் சேர நினைக்கும் பெரியவருக்கும் பதினொன்று, பன்னிரண்டு வயதைக் கடந்த பிள்ளைக்கும் இதுவே முதல் தேர்வு.

கார்னெட்டின் குழாய் நீளமும் விரலமைப்பும் ட்ரம்பெட்டுடையவையே. குழாய் கூடுதலாகச் சுற்றப்பட்டிருப்பதால் கருவி குட்டையாக இருக்கும். எடை உடலை ஒட்டி நிற்கும். அதன் துளை கூம்பாக விரிந்து செல்வதால் ஒலி மென்மையாக வரும். முன்பற்கள் முழுதாக முளைத்த எட்டு, ஒன்பது வயதுச் சிறுவர்க்கு இது கைக்கு அடங்கும். திறந்த தெருவில் டிரம் சத்தத்தை மீறி மெட்டைக் கொண்டுபோக ட்ரம்பெட் அளவுக்கு உதவாது.

பாக்கெட் ட்ரம்பெட்டும் அதே நீளக் குழாயை இறுக்கிச் சுற்றியதுதான். பயணத்துக்கு எளிது. விலை குறைந்த மாதிரிகளில் சுருதி நிலையாக நிற்பது அரிது என்பதால் கற்றுக்கொள்ள ஏற்றதல்ல. ஃப்ளூகல்ஹார்ன் அகலமான, இருண்ட ஒலி தரும். தேர்ந்த வாசிப்பாளருக்கு அது இரண்டாவது கருவி, தொடக்கத்துக்குத் தேவையில்லை.

பிளாஸ்டிக் ட்ரம்பெட்டை இந்தக் கரையில் தனியாக எண்ணிப் பார்க்க வேண்டும். அதன் எடை பித்தளைக் கருவியின் எடையில் ஏறக்குறைய பாதி. உடல் உப்பால் அரிக்கப்படாது, கீழே விழுந்தால் எளிதில் நசுங்காது. ஒலியில் செறிவு குறைவு. வால்வின் ஓட்டமும் நல்ல பித்தளைக் கருவியைப் போல வழுக்கிச் செல்லாது. பிள்ளை தொடர்ந்து ஊதுவானா என்று தெரியாத முதல் ஆண்டுக்கும், படகிலும் பைக்கிலும் எடுத்துச் செல்லும் பயிற்சிக்கும் அது போதும். ஊர்வலத்துக்குப் பித்தளை வேண்டும்.

புதியது, பழையது, மீரட் தயாரிப்பு

இந்தியப் பேண்டு கருவிகளின் தலைநகர் உத்தரப் பிரதேசத்தின் மீரட். அங்குள்ள ஜலி கோட்டிப் பகுதியில் பட்டறைகள் நிறைந்திருக்கின்றன. 1885இல் தொடங்கிய நாதிர் அலி நிறுவனம் அவற்றில் புகழ்பெற்றது. மீரட் கருவிகளின் பெரிய பலம் விலை. பெயர்பெற்ற ஜப்பானிய மாணவர் மாதிரியின் விலையில் சிறு பங்கிற்கே கிடைக்கும். பட்டறைக்குப் பட்டறை, ஒரே பட்டறையில் கருவிக்குக் கருவி தரம் மாறும் என்பது பலவீனம். அதனால் பார்க்காமல் வரவழைக்கக் கூடாது. ஊதத் தெரிந்த ஒருவர் நாலைந்தை ஊதிப் பார்த்து ஒன்றை எடுக்க வேண்டும்.

யமஹா ஒய்டிஆர்-2330 போன்ற மாணவர் மாதிரியின் வால்வுகள் மோனல் என்னும் நிக்கல்-செம்புக் கலவையால் ஆனவை. இந்தக் கலவை உப்புநீரில் எளிதில் அரிக்கப்படாததால் கப்பல் உறுப்புகளுக்கும் பயன்படுகிறது. கடலோரத்தில் வாழும் வாசிப்பாளர் கூடுதல் விலை கொடுப்பதற்கு இதைவிட நல்ல காரணம் இல்லை. சென்னை அண்ணா சாலையில் உள்ள, 1842இல் தொடங்கிய மியூசி மியூசிக்கல் போன்ற கடைகளில் நேரில் ஊதிப் பார்த்து வாங்கலாம்.

நல்ல தயாரிப்பாளரின் பழைய கருவி, அதே விலையிலான மலிவான புதிய கருவியைவிடப் பல நேரம் மேலானது. வாங்கும் முன் ஐந்து சோதனைகள் செய்ய வேண்டும்.

1. மூன்று வால்வுகளையும் ஒவ்வொன்றாக அழுத்தி விட வேண்டும். தடையில்லாமல், உரசல் இல்லாமல் துள்ளி மேலே வர வேண்டும்.
2. முதல் வால்வை அழுத்தாமல் அதன் வளைகுழாயை முழுதும் கழற்றாமல் சற்று வெளியே இழுத்து, பிறகு வால்வை அழுத்த வேண்டும். பாட்டில் மூடி திறப்பது போன்ற சிறு வெடிச்சத்தம் கேட்டால் காற்று கசியவில்லை. மற்ற இரண்டுக்கும் இதையே செய்யலாம்.
3. எல்லா வளைகுழாய்களும் கையால் நகர வேண்டும். மூன்றாம் வளைகுழாய் கட்டாயம் நகர வேண்டும்: ஒன்றும் மூன்றும் சேர்த்து அழுத்தும் சுரங்கள் இயல்பாகவே சற்று ஏறி ஒலிக்கும், அதை இறக்கிச் சரிசெய்வது அந்தக் குழாய்தான்.
4. மவுத்பீஸ் செருகும் முதல் குழாயை வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். இளஞ்சிவப்புப் புள்ளிகள் இருந்தால் அது உள்ளிருந்து அரிக்கும் நோய். பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய் நுண்துளை நிறைந்த செம்பு மட்டும் எஞ்சுவதன் அடையாளம் அது. அந்தக் கருவியைத் தவிர்ப்பதே நல்லது.
5. ஒலி வெளிவரும் விரிந்த முனையில் உள்ள சிறு நசுங்கல் ஒலியை அதிகம் கெடுக்காது. முதல் குழாயிலோ வால்வு உறையிலோ நசுங்கல் இருந்தால் வாங்கக் கூடாது.

லாக்கர், வெள்ளி, வெற்றுப் பித்தளை

லாக்கர் என்பது பித்தளை மேல் பூசப்படும் தெளிந்த வார்னிஷ். அது முழுதாக இருக்கும்வரை உப்பு உலோகத்தைத் தொடாது. கீறல் விழுந்த இடத்தில், கை வியர்வை படும் வால்வு உறையில், அரிப்பு தொடங்கும். பராமரிப்பு எளிது: ஊதி முடித்ததும் மெல்லிய துணியால் துடைத்தால் போதும்.

வெள்ளி முலாம் வியர்வையை நன்றாகத் தாங்கும். ஆனால் கந்தகம் கலந்த காற்றில் கறுக்கும். ஏரியின் சேறு வெளிப்படும் காலங்களில் எழும் அழுகிய முட்டை வாசனை கந்தக வாயுவின் வாசனையே. கறுப்பு பெரும்பாலும் தோற்றக் குறைதான். அதைப் போக்க அடிக்கடி தேய்ப்பதுதான் முலாமை அழிக்கும். மேற்பூச்சில்லாத வெற்றுப் பித்தளையைக் கடலோரத்தில் வாங்க வேண்டாம்.

தினமும் துடைக்கப் பொறுமையுள்ளவர் லாக்கர், வெள்ளி இரண்டில் எதையும் எடுக்கலாம். குழுவில் பலர் கை மாறும் கருவிக்கு லாக்கர் பொருந்தும். எதுவானாலும் பித்தளைக் குடத்தைப் புளி போட்டுத் துலக்குவதுபோல் இதைத் துலக்கக் கூடாது. அந்த அமிலம் வால்வுக்குள் இறங்கினால் உலோகத்தை அரிக்கும். கடற்கரை ஊர்களின் நிலத்தடி நீர் பெரும்பாலும் உவர்ப்பானது என்பதால் மாதம் ஒருமுறை உட்குழாயைக் கழுவ குடிநீர் கேன் தண்ணீரையே பயன்படுத்த வேண்டும். வால்வுக்கு வால்வு ஆயில் மட்டும். தேங்காய் எண்ணெய் உறைந்து அடைத்துவிடும். கடற்கரை மணலில் நின்று பயிற்சி செய்வதும் வேண்டாம். ஒரு மணல் துகள் வால்வுச் சுவரில் ஆழக் கோடு போட்டுவிடும். திண்ணையோ பள்ளிக் கட்டடமோ ஆலய வளாகமோ அதற்கு ஏற்ற இடம்.

மவுத்பீஸ்

உதடு தொடும் பகுதி இதுதான் என்பதால் சோர்வும் சுகமும் இதைப் பொறுத்தவை. தொடக்கத்துக்குப் பாக் 7சி அளவு பழகிய தேர்வு. அதன் கிண்ணத்தின் அகலம் சுமார் 16.2 மில்லிமீட்டர். ஓராண்டு ஊதிய பிறகு ஒலியில் கூடுதல் நிறைவு வேண்டுவோர் 5சி, 3சி பக்கம் நகரலாம். பாக் நிறுவனத்தின் எண் குறையக் குறையக் கிண்ணம் அகலமாகும். யமஹா எண்ணில் கணக்கு தலைகீழ், எண் ஏற ஏற அகலம் கூடும். இதை அறியாமல் வாங்குவோர் பலர். கார்னெட் மவுத்பீஸின் தண்டு மெலிந்தது என்பதால் ட்ரம்பெட்டில் பொருந்தாது.

மாஸ்டர், நகரத்து ஆசிரியர், ஃபோன்

பேண்டு மாஸ்டரிடம் கற்பவர் காதால் மெட்டைப் பிடிக்கவும், நடந்துகொண்டே ஊதவும், பிறரோடு மூச்சை இணைக்கவும் சீக்கிரம் பழகுவார். சுரத்தாள் வாசிப்பு பின்தங்கலாம். சென்னை ஆசிரியரிடம் போனால் வாசிப்பும் டிரினிட்டி காலேஜ் லண்டன் தேர்வுப் பாடத்திட்டமும் கிடைக்கும். பழவேற்காட்டிலிருந்து பொன்னேரிக்குப் பேருந்து, அங்கிருந்து ரயில் என்று ஒரு பாடத்துக்கு அரைநாள் போய்விடும் என்பதால், பலருக்கு மாதம் ஒரு நாளே சாத்தியம். ஃபோனில் பாடம் பார்ப்பது இரண்டுக்கும் துணையாகுமே தவிர, உதடு எப்படி அமைந்திருக்கிறது, தோள் இறுகியிருக்கிறதா என்பதை எதிரில் இருப்பவரே கண்டு திருத்த முடியும்.

எனவே வாரந்தோறும் மாஸ்டர், மாதம் ஒருமுறை நகரத்து ஆசிரியர் என்பது பெரும்பாலோருக்கு ஏற்ற கலவை. வீட்டுப் பயிற்சியில் நாளுக்கு இருபது நிமிடம், வாரத்தில் ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஊதுவதைவிட அதிகப் பலன் தரும். உதட்டுத் தசை இடைவெளியில்தான் வலுப்பெறுகிறது.

என்ன பாடலில் தொடங்குவது என்பதும் தேர்வே. வால்வுகள் அரைச்சுரப் படிகளைத் தருகின்றன. கமகம் நிறைந்த மெட்டு இதில் எளிதல்ல. முத்துசாமி தீட்சிதர் மேற்கத்திய பேண்டு மெட்டுகளின் வழியில் அமைத்த நோட்டுசுர சாகித்தியங்கள் சங்கராபரணத்தின் நேர்சுரங்களில் நடப்பவை. தீட்சிதர் அவற்றுக்கான இசையைக் கேட்டது சென்னை கோட்டைப் பேண்டிடம் என்பர். தொடங்குவோர்க்கு இவையும், ஆலயப் பாடல்களும், பழகிய திரைப்பாடல்களும் மிகவும் பொருந்தும்.

சொந்தக் கருவியா, பொதுக் கருவியா

சொந்தக் கருவி வைத்திருப்பவர் தினமும் பயிற்சி செய்வார், பொறுப்போடு காப்பார். கடல் வருமானம் ஒரு பருவம் வற்றினால் முதலில் அடகு போவதும் அதுவே. பொதுக் கருவி அப்படிப் போகாது. ஆனால் எல்லோருடையதும் யாருடையதும் அல்ல என்று கிடந்தால் வால்வு இறுகிவிடும்.

இதற்கு வழி ஊரிலேயே இருக்கிறது. பழவேற்காட்டு மீனவர் ஏரியின் வளமான இடங்களைப் பாடு என்னும் முறையில் பகிர்கிறார்கள்: உரிமையுள்ளோர் சீட்டுக் குலுக்கி முறை போட்டுக்கொண்டு, தம் நாளில் தம் இடத்தில் வலை கட்டுவார்கள். பொதுக் கருவிக்கும் இதேபோல் முறை வைக்கலாம். ஒரு வாரம் ஒருவர் வீட்டில் கருவி இருக்கும். அவரே அந்த வாரம் துடைத்து, எண்ணெய் விட்டு, கணக்குப் புத்தகத்தில் கையெழுத்திட்டு அடுத்தவரிடம் கொடுப்பார். மவுத்பீஸ் மட்டும் ஆளுக்கொன்று சொந்தமாக இருக்க வேண்டும். சுகாதாரத்துக்கும் உதட்டுப் பழக்கத்துக்கும் அது அவசியம்.

குழு கலையாமல் இருக்க, வரும் கட்டணத்தில் ஒரு பங்கை முதலிலேயே பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும். திருவிழா இல்லாத மாதங்களிலும் வாரம் ஒரு கூட்டு ஒத்திகை நடக்க வேண்டும். ஒவ்வொரு ஆண்டும் குறைந்தது இரண்டு சிறுவர்களைச் சேர்த்து, மூத்தவர் ஒவ்வொருவரையும் ஒரு சிறுவருக்குப் பொறுப்பாக்க வேண்டும். வேலை தேடி ஊரைவிட்டுப் போன வாசிப்பாளரைத் திருவிழாவுக்கு அழைத்து அவருக்கென ஒரு பாடலை ஒதுக்குவதும் உறவைக் காக்கும்.

சுருக்கமாக

பத்து வயதுக்குக் குறைந்த சிறுவருக்குக் கார்னெட் அல்லது பிளாஸ்டிக் ட்ரம்பெட். பேண்டில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு, மாஸ்டர் ஊதிப் பார்த்துத் தேர்ந்த மீரட் கருவியோ சோதனையில் தேறிய பழைய கருவியோ. ஊர்ப் பொதுப் பணத்தில் வாங்குவதற்கு மோனல் வால்வும் லாக்கரும் கொண்ட மாணவர் மாதிரி ஒன்று. ஐந்து மலிவான கருவிகளைவிட இது நீண்டகாலம் நிற்கும். தேர்வு எழுதவோ திரையிசைக் குழுவில் வாசிக்கவோ விரும்புபவருக்குச் சொந்தமாக ஒரு நல்ல ட்ரம்பெட்டும் நகரத்து ஆசிரியரும். எல்லோருக்கும் பொதுவானவை மூன்று: குடிநீரால் கழுவுதல், தினசரித் துடைப்பு, வாராந்திரக் கூட்டு ஒத்திகை.