வனிலா: மிளகுக் கொடிக்குப் பக்கத்தில் ஓர் ஓர்கிட்

ஓர்கிட் என்றதும் எம்மில் பலருக்குப் பேராதனைப் பூங்காவும் கல்யாண மேடையில் வைக்கும் ஊதாப் பூக்களும்தான் ஞாபகத்துக்கு வரும். மாத்தளை வாசனைத் திரவியத் தோட்டங்களில் உல்லாசப் பயணிகளுக்குக் காட்டப்படும் வனிலாக் கொடியும் ஓர்கிட் குடும்பம்தான் என்றால் நம்பாதவர்களே அதிகம். இருபத்தைந்தாயிரத்துக்கும் மேற்பட்ட ஓர்கிட் இனங்களுள் உணவுக்காகப் பெருமளவில் பயிரிடப்படுவது வனிலா மட்டுமே. பரவலாகப் பயிராகும் இனத்தின் பெயர் வனிலா பிளானிபோலியா.

உயர்தர உயிரியலில் மேலொட்டித் தாவரத்துக்கு உதாரணம் கேட்டால் ‘ஓர்கிட்’ என்று எழுதிப் புள்ளி வாங்கிவிடுகிறோம். வனிலா அந்த விடைக்குள் முழுதாக அடங்காது. அது மண்ணில் வேர்விட்டுத் தொடங்கி, கணுவுக்குக் கணு காற்றுவேர் விட்டு மரத்தைப் பற்றி ஏறும். அடித்தண்டு அழுகிப் போனாலும் மேற்பகுதி உயிரோடு இருக்கக் கூடும். மரத்தின் சாற்றை அது உறிஞ்சுவதில்லை. ஆகவே ஒட்டுண்ணியும் அல்ல.

யட்டவத்தையில் மிளகு ஏற்றுவதற்கு நட்டிருக்கும் கிளிரிசீடியா மரமே இதற்கும் போதும். ஆனால் மிளகு ஏறிய அதே மரத்தில் விடாமல், தனி மரம் ஒன்றைக் கொடுக்க வேண்டும். பாதி வெயில், பாதி நிழல் இருந்தால் நல்லது. ஒரு மீற்றர் அளவான தண்டை வெட்டி, நிழலில் ஒரு வாரம் வாட விட்டு, கீழ்ப்பக்கத்து இலைகள் மூன்றை நீக்கி, அந்தக் கணுக்களை உக்கிய இலைகளின் மேல் படுக்க வைத்து மெல்ல மூடுங்கள். வெட்டிய முனை மண்ணுக்கு வெளியே இருக்கட்டும், புதைத்தால் அழுகும். மீதித் தண்டைத் தும்புக் கயிற்றால் மரத்தோடு தளர்வாகக் கட்டலாம். வேர்கள் மேலோட்டமானவை, எனவே அடியில் மண்வெட்டி போடக் கூடாது. தண்ணீர் தேங்கினால் பங்கசு பிடித்து வேர் அழுகிவிடும். கொடியைத் தலைக்கு மேலே போக விடாமல் வளைத்துத் தொங்க விட்டால் பூப்பதும் சுலபம், கையும் எட்டும். மூன்றாம் வருடமளவில் பூக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வனிலாவின் சொந்த நாடு மெக்சிக்கோ. அங்குள்ள காட்டுத் தேனீக்கள் செய்யும் மகரந்தச் சேர்க்கையை இங்குள்ள பூச்சிகள் செய்வதில்லை. ஐரோப்பியர் கொண்டுபோன கொடிகளும் முந்நூறு வருடங்களாகப் பூத்தனவே தவிரக் காய்க்கவில்லை. 1836இல் பெல்ஜியத்தில் சார்ல்ஸ் மோரன் என்ற தாவரவியலாளர் கையால் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் எவரும் செய்யக்கூடிய சுலபமான வழியை 1841இல் கண்டுபிடித்தவன் இந்து சமுத்திரத்து ரியூனியன் தீவில் அடிமையாக இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் எட்மண்ட். 1848இல் அடிமைத்தனம் ஒழிந்தபோது அவனுக்கு அல்பியஸ் என்ற பெயர் கிடைத்தது, பணம் கிடைக்கவில்லை. 1880இல் வறுமையிலேயே இறந்தார். உலகம் இன்றும் அவர் முறையைத்தான் பின்பற்றுகிறது.

கூர்மையாக்கிய ஈர்க்குத் துண்டு ஒன்று போதும். பூவின் உதட்டிதழை நீளவாக்கில் கிழித்தால் உள்ளே மகரந்தக்கூட்டுக்கும் குறிக்கும் நடுவில் சிறிய மடிப்பொன்று தெரியும். அதை ஈர்க்கால் மேலே தூக்கி, பெருவிரலால் மகரந்தத்தைக் குறியின் மேல் அழுத்த வேண்டும். பூ விடியலில் விரிந்து பின்னேரம் வாடிவிடும். அன்று தவறினால் அந்தப் பூ போனதுதான். ஒரு குலையில் எட்டுப் பத்துப் பூக்களுக்குச் செய்தால் போதும், எல்லாவற்றுக்கும் செய்தால் கொடி களைத்துவிடும்.

ஆகவே வனிலா நட விரும்பும் பெற்றோர் காணியை அளப்பதற்கு முன் வீட்டில் காலையில் ஓய்வாக இருக்கும் கைகளை எண்ணிப் பார்க்க வேண்டும். பூக்காலத்தில் ஒவ்வொரு நாளும், பள்ளிக்கூட பஸ்ஸும் காலைச் சமையலும் உள்ள அதே நேரத்தில், இந்த வேலை வரும். உம்மாவின் தலையிலோ எங்கள் தலையிலோதான் அது விழும். நான்கைந்து கொடி என்றால் சந்தோஷமாகச் செய்யலாம். நூறு கொடிக்குக் கூலி கொடுத்தே ஆகவேண்டும்.

விலையும் நம்பத்தக்கதல்ல. 2003 அளவில் பதப்படுத்திய வனிலா கிலோ 500 டொலரைத் தொட்டது. இரண்டு மூன்று வருடங்களில் 50 டொலருக்கும் கீழே விழுந்தது. அந்த விலையை நம்பி நட்ட கேரள விவசாயிகள் பலர் கொடியையே கைவிட்டார்கள். மிளகைப் பிடுங்கிவிட்டு வனிலா நடுவது என் பார்வையில் புத்தியல்ல. வேலியோரத்து மரங்களில் ஏற்றுவது வேறு விடயம். செய்கை ஆலோசனைக்கு ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கிறது.

காய் முற்ற எட்டு ஒன்பது மாதம் செல்லும். நுனி மஞ்சளாகும்போது பறிக்க வேண்டும். பச்சைக் காயில் மணமே இராது. வனிலின் அதில் குளுக்கோசுடன் பிணைந்து கிடக்கிறது. காயை 65 பாகை செல்சியஸ் அளவு சூடான நீரில் மூன்று நிமிடம் அமிழ்த்தி, கம்பளியில் சுற்றி வியர்க்க விட்டால் காயிலுள்ள நொதியம் அந்தப் பிணைப்பை உடைக்கும். பிறகு பல நாள் சிறிது நேர வெயில், பல வாரம் நிழல், அதன் பின் மூடிய பெட்டி. ஆறு கிலோ பச்சைக் காய் ஏறத்தாழ ஒரு கிலோ ஆகும்.

கடையில் வாங்கும் மலிவான எசன்ஸில் இருப்பது பெரும்பாலும் செயற்கை வனிலின். அசல் சாறு மதுசாரத்தில் ஊறவைத்து எடுக்கப்படுவதால் எங்கள் வீடுகளில் அதற்குத் தயக்கம் உண்டு. காயாகவே கையில் இருந்தால் அந்தக் கேள்வி எழாது. நீளவாக்கில் பிளந்து, விதையைச் சுரண்டிப் பாலில் இட்டுக் காய்ச்சலாம். மிஞ்சும் தோலைச் சீனிப் போத்தலில் புதைத்து வைத்தால் சீனி மணக்கும். வட்டிலப்பத்துக்கு மட்டும் போட வேண்டாம். அதற்கு ஏலக்காய்தான், எங்கள் உம்மும்மா வேறொன்றுக்கும் சம்மதிக்கமாட்டார்.