எறும்பு கட்டிய அடையாளம்

தரையில் சர்க்கரை சிந்தினால் எறும்புகள் வரிசையாக வரும். முன்னே போன எறும்பு வாசனையை விட்டுச் செல்லும். மற்றவை அதை மோப்பம் பிடித்து நடக்கும்.

எல்லா எறும்புக்கும் இது உதவாது. வட ஆப்பிரிக்காவில் துனீசியா என்ற நாடு உள்ளது. அங்கே பரந்த உப்பு நிலங்கள் உண்டு. தரை கொதிக்கும். வாசனை நிற்காது. அங்குள்ள பாலைவன எறும்பு செத்த பூச்சிகளைத் தேடித் தனியாகப் போகிறது. ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போவதுண்டு. புற்றுக்கு வழி தவறினால் வெயிலில் சாக வேண்டியதுதான்.

சூரியனைப் பார்த்துத் திசை அறிகிறது. காலடிக் கணக்கில் தூரம் அறிகிறது. தூரம் கூடக்கூடக் கணக்கில் பிழையும் கூடும். அப்போது கண்தான் துணை. முதல்முறை இரை தேடப் போகும் முன் எறும்பு புற்றைச் சுற்றி நடக்கும். திரும்பித் திரும்பிப் பார்க்கும். புது ஊரில் நாம் தங்கிய வீட்டைத் திரும்பிப் பார்த்துக்கொள்கிறோம் அல்லவா, அது போல. அருகில் உள்ள செடி, கல் எல்லாம் அதன் நினைவில் பதியும்.

உப்பு நிலத்தின் நடுவில் செடியும் இல்லை, கல்லும் இல்லை. அங்கே என்ன செய்யும்? புற்றின் வாயில் மண்ணைக் குவித்து உயரமான மேடு எழுப்புகிறது. கரையோரப் புற்றுகளில் இவ்வளவு உயரம் கிடையாது.

இது அடையாளத்துக்காகத்தானா? ஜெர்மனி ஆய்வாளர்கள் சோதித்தார்கள். முடிவு 2023-ல் வெளிவந்தது. நடுவில் இருந்த 16 புற்றுகளின் மேட்டை அகற்றினார்கள். 8 புற்றுகளின் அருகே கறுப்பு உருளைகளை நிறுத்தினார்கள். மற்ற எட்டைச் சும்மா விட்டார்கள். சும்மா விட்டவற்றில் 7 புற்றுகளில் மூன்றே நாளில் மேடு மறுபடி எழத் தொடங்கியது. உருளை வைத்தவற்றில் 2 புற்றுகளில்தான் எழுந்தது. தூரத்திலிருந்தே உருளை தெரியும்போது மண் சுமப்பானேன்?