கௌபி விதை: கடையிலா, வீட்டிலா, குறிச்சீட்டிலா?

வில்கமுவவில் பெரும்போக நெல்லை அறுத்த பிறகு, நீர் போதாத வயலிலும் மேட்டுநிலத்திலும் கௌபியோ பயறோ உளுந்தோ போடலாம் என்று நினைப்பவருக்கு விதை கிடைக்க மூன்று வழி உண்டு. ஹெட்டிபொல கடையில் சமையலுக்கு விற்கும் தானியம் ஒன்று. போன போகத்தில் எடுத்துவைத்த சொந்த விதை, அல்லது பக்கத்துக் காணிக்காரர் தருவது, இரண்டாவது. குறிச்சீட்டு ஒட்டிய, அத்தாட்சிப்படுத்திய விதை மூன்றாவது. விலை என்ன, முளைக்குமா என்ற இரண்டு கேள்வியோடு பெரும்பாலோர் முடிவெடுத்துவிடுகிறார்கள். விதைக்குள் ஒளிந்து வரும் வைரசை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. செடிக்கு வந்த வைரசைக் குணமாக்க மருந்து கிடையாது என்பதால், கௌபியைப் பொறுத்தவரை பாதித் தீர்ப்பு விதைக்கும் முன்பே எழுதப்பட்டுவிடுகிறது.

முதலில் எந்த நோய்க்குப் பயப்படுகிறோம் என்று தெளிய வேண்டும். பயறும் உளுந்தும் பளிச்சென்று மஞ்சளாகும் மஞ்சள் சித்திரவடிவ நோயைப் பரப்புவது வெண் ஈ. உளுந்து விதைக்குள்ளும் அந்த வைரசு இருப்பதாக 2016இல் ஓர் ஆய்வு சொன்னது. ஆனாலும் வயலை அழிப்பது வெண் ஈதான். எனவே அங்கே விதை எங்கே வாங்கினோம் என்பதைவிட, எந்த ரகம் வாங்கினோம் என்பதே பெரிது. எம்.ஐ. 5, எம்.ஐ. 6 போன்ற மகா இலுப்பள்ளம ரகங்களில் உங்கள் பக்கத்தில் எது தாங்கி நிற்கிறது என்று கமநல சேவை நிலையத்துப் போதனாசிரியரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கௌபியின் கதை வேறு. அதன் சித்திரவடிவ நோய்கள் பல விதை வழியாகவே வயலுக்குள் நுழைகின்றன. போஞ்சியிலும் அப்படித்தான்: அதன் சாதாரண சித்திரவடிவ வைரசு சில ரகங்களில் நூறு விதைக்கு எண்பதுக்கு மேலும் கடந்துபோனதாகப் பதிவு உண்டு. அந்த வைரசு முப்பது ஆண்டு கிடந்த போஞ்சி விதையிலும் உயிரோடு இருந்திருக்கிறது. ஆகவே பழைய விதையில் நோய் செத்திருக்கும் என்று நம்ப வேண்டாம். கப்டான், திராம் கலந்து விதைப்பதும் பூஞ்சணத்துக்குத்தான் உதவும். வைரசு விதையின் முளைக்கருவுக்குள் இருக்கிறது, மருந்து தோலோடு நின்றுவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். 30 க்கு 15 சென்ரிமீற்றர் இடைவெளியில் ஓர் ஏக்கரில் ஏறத்தாழ 90,000 செடி நிற்கும். விதையில் நூற்றுக்கு ஒன்றில் நோய் என்றாலே 900 செடி, அதுவும் ஒரு மூலையில் அல்ல, காணி முழுக்கச் சிதறி. பிறகு அவற்றில் குந்தும் கறுப்பு அழுக்கணவன் சில விநாடி உறிஞ்சிவிட்டுப் பக்கத்துச் செடிக்குப் போனால் போதும். பூச்சிமருந்து அதைக் கொல்வதற்குள் நோய் கைமாறிவிடும். இந்த வகை நோய்க்கு விசிறுவது பெரும்பாலும் காசுக்குக் கேடு என்பதே என் எண்ணம்.

இனி மூன்று வழிக்கும் வருவோம். கடைத் தானியத்தை நான் விதைக்குச் சொல்லவே மாட்டேன். எத்தனையோ காணிகளில் இருந்து ஒரே சாக்கில் கலந்து வந்தது அது. யாரும் நோய்ச்செடியைப் பிடுங்கி எடுத்ததில்லை, ரகமும் தெரியாது. விதையைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கவும் முடியாது, நோயுள்ளதும் பளபளப்பாக இருக்கலாம். மலிவு என்ற ஒரே காரணம் ஏக்கருக்குப் பத்துக் கிலோ அளவில் பெரிய மிச்சமாகாது.

குறிச்சீட்டு விதைக்கு விலை கூட. 2003ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க விதைச் சட்டம் நாட்டில் உண்டு, அத்தாட்சிக்கு வயலில் பரிசோதனையும் நடக்கிறது. ஆனால் கண்ணால் பார்க்கும் பரிசோதனைக்குத் தெரியாமல் சில செடி தப்பும், எனவே சீட்டு என்றால் வைரசு சுத்தமாக இல்லை என்று பொருளில்லை. வாருணி, தவல, எம்.ஐ. 35 என்று ரகத்தை நம்பி வாங்கலாம் என்பதே அதன் பெரிய பலன். புதிதாகத் தொடங்குகிறவரும், போன போகத்தில் நோய் பார்த்தவரும் இதைத்தான் எடுக்க வேண்டும்.

சொந்த விதையைப் பலர் மட்டமாக நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆனால் முழு வயலிலும் அறுத்ததில் ஒரு கைப்பிடியை ஒதுக்கிவைப்பது சொந்த விதை ஆகாது. ஒரு ஏக்கருக்கு வேண்டிய விதைக்கு நான்கைந்து பேர்ச் போதும். யானைக் காவலுக்கு எப்படியும் கண் போகும் இடமாக, வீட்டோரமாக, பழைய கௌபி நிற்காத பக்கமாக அந்தப் பாத்தியைப் போடுங்கள். சுற்றிலும் இரண்டு மூன்று வரிசை சோளத்தை முன்கூட்டியே நட்டால், பறந்துவரும் அழுக்கணவன் முதலில் அதில் குத்தி வாயைத் துடைத்துக்கொள்ளும். மூவிலை விரியத் தொடங்கியதும் வாரம் இருமுறை நடந்து பாருங்கள். நரம்பை ஒட்டிக் கரும்பச்சைப் பட்டை, இடையில் வெளிர்ந்த திட்டு, கொப்புளம் போன்ற மேடு, கீழ்நோக்கி மடியும் விளிம்பு: இவை தெரிந்தால் யோசிக்காமல் பிடுங்கி எடுங்கள். பூக்கும் முன் தொற்றிய செடிதான் விதைக்கு நோயைக் கூடுதலாகக் கொடுக்கும், அதனால் பூ வரும்வரையான நாட்களே முக்கியம். காய் முற்றிய பிறகு நோய்ச்செடியைப் பிடுங்குவது கண்துடைப்பு.

எங்கிருந்து வந்த விதையானாலும் மூன்று வாரச் சோதனை ஒன்று செய்யலாம். தட்டில் நூறு விதையை முளைக்கவிட்டு, பூச்சி போகாதபடி நுளம்பு வலையால் மூடி, இரண்டு மூன்று மூவிலை வந்ததும் எண்ணிப் பாருங்கள். ஒன்றுகூட நோயில்லை என்றாலும் நூற்றுக்கு மூன்று வரை ஒளிந்திருக்க வாய்ப்புண்டு. முந்நூறு விதையில் ஒன்றுமில்லையென்றால் ஒன்றுக்குக் கீழே என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். நூறில் நான்கைந்து செடி நோயோடு வந்தால் அந்த மூட்டையைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். செடியின் வைரசு சாப்பிடுகிற நம்மை ஒன்றும் செய்யாது.