ஹைட் பார்க் ஓரம் அறை எடுப்பவர்களுக்கு

லண்டனுக்கு முதல்முறை கிளம்பும் பிள்ளைகள் எங்கே தங்கலாம் என்று கேட்டால் என் பதில் ஒன்றுதான்: ஹைட் பார்க்குக்கு வடக்கே, பேஸ்வாட்டரிலோ பாடிங்டனிலோ ஒரு நடுத்தர ஹோட்டல். போவதற்கு முன் இவற்றைக் காதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1. அறை சின்னதாகத்தான் இருக்கும். அங்குள்ள ஹோட்டல்களில் பல, 19ஆம் நூற்றாண்டில் குடும்பங்கள் குடியிருக்கக் கட்டிய வரிசை வீடுகள். வாசலில் வெள்ளைத் தூண்களைப் பார்த்து அரண்மனை என்று நினைத்துவிடாதீர்கள். உள்ளே பழைய கூடங்களைத் தடுத்துத் தடுத்து அறையாக்கியிருப்பார்கள். பெரிய பெட்டியை விரித்து வைக்கக் கட்டில்தான் இடம். ஆளுக்கொரு சின்னப் பெட்டி போதும்.

2. லிஃப்ட் உண்டா, எந்த மாடி வரை என்று முன்பே எழுதிக் கேளுங்கள். பெற்றோரை அழைத்துப் போகிறவர்கள் இதைக் கேட்காமல் பணம் கட்டவே கூடாது. ‘லோயர் கிரவுண்ட்’ என்றால் பாதி நிலத்துக்குக் கீழே இருக்கும் அறை. ஜன்னலில் போகிறவர் வருகிறவர் கால்தான் தெரியும்.

3. ஏசி இருக்கும் என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. ஜூலையில் போகிறவர்கள் கட்டாயம் விசாரியுங்கள்.

4. விமானம் காலையில் இறக்கிவிட்டாலும் அறை மதியம் இரண்டு, மூன்று மணிக்குத்தான் கிடைக்கும். வரவேற்பறையில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதீர்கள். பெட்டிகளை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் பூங்காவுக்கு நடையைக் கட்டுங்கள்.

5. குளியலறை விஷயத்தைக் கூச்சமில்லாமல் சொல்கிறேன். கழிப்பறையில் தண்ணீர்க் குழாய் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டு போங்கள். குளிக்கும்போது திரையைத் தொட்டிக்கு உள்பக்கமாக இழுத்துவிடுங்கள். வெளியே தரையில் தண்ணீர் போக வழி இருக்காது. நம் வீட்டு நினைப்பில் வாளி வாளியாக ஊற்றினால் கீழ் அறையின் கூரை ஒழுகும், பில் உங்கள் தலையில் விழும்.

6. சதுர முள் பிளக்குக்கு ஒரு அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். நம் உருண்டை முள் அங்கே நுழையாது.

7. அறையில் ஊதுபத்தி ஏற்றாதீர்கள். புகை அலாரம் அடித்தால் இரவு உடையோடு எல்லோரும் தெருவில் நிற்க வேண்டியதுதான். சாமி கும்பிட்டே ஆக வேண்டுமென்றால் பாடிங்டனில் எலிசபெத் லைன் ஏறி வெஸ்ட் ஈலிங்கில் இறங்குங்கள். அங்கே கனகதுர்க்கை அம்மன் கோயில் இருக்கிறது.

8. இனிப் பூங்கா. எட்டாம் ஹென்றி 1536இல் வேட்டைக்காக வளைத்துப்போட்ட நிலம் அது. 1637இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். சுமார் 350 ஏக்கர். மேற்கே ஒட்டியிருப்பது கென்சிங்டன் கார்டன்ஸ். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், நேரம்தான் வேறு. ஹைட் பார்க் காலை ஐந்து முதல் நள்ளிரவு வரை திறந்திருக்கும். கென்சிங்டன் கார்டன்ஸை இருட்டும்போது பூட்டிவிடுவார்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும், கணக்குப் பண்ணி நடங்கள். புல்லில் நடக்கலாம், படுக்கலாம், யாரும் விசில் ஊதமாட்டார்கள். துணி நாற்காலியில் சாய்ந்தால் வாடகை கேட்பார்கள், பெஞ்சு இலவசம். ஞாயிற்றுக்கிழமையானால் வடகிழக்கு மூலையில், யார் வேண்டுமானாலும் நின்று பேசும் ஸ்பீக்கர்ஸ் கார்னருக்குப் போங்கள். வம்புக்கு வாய் கொடுக்காமல் நின்று கேட்டால் நல்ல பொழுதுபோக்கு.

9. கோடையில் பூங்காவில் பெரிய கச்சேரிகள் நடக்கும். நவம்பர் நடுவிலிருந்து புத்தாண்டு வரை ‘விண்டர் வொண்டர்லேண்ட்’ திருவிழா. அப்போது அறை வாடகை ஏறும். தேதியைப் பார்த்து பதிவு செய்யுங்கள்.

10. ‘பார்க் வியூ’ என்று கூடுதலாகக் கேட்டால் கொடுக்காதீர்கள். ஜன்னலுக்கும் பூங்காவுக்கும் நடுவே பேஸ்வாட்டர் ரோடு ஓடுகிறது. பஸ் சத்தம் இரவிலும் ஓயாது. கோடையில் மர இலைதான் கண்ணில் படும். உட்தெருவில், கட்டடத்தின் பின்பக்க அறையாகக் கேளுங்கள். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் பூங்காதான். மிச்சமாகும் பணத்தில் இன்னும் ஓர் இரவு தங்கிவிட்டு வாருங்கள்.