பெட்ரோல் மீட்டர் பொய் சொல்லலாமா?

சில மாதங்களுக்கு முன்பு நாம் ரப்பர் தோட்டம் ஒன்றுக்குச் சென்றிருந்தபோது, பால்மரம் சீவும் தொழிலாளர் ஒருவர் தமக்கு நேர்ந்த அனுபவத்தை எடுத்துரைத்தார். அவரிடம் பழைய ஜப்பானியக் கார் ஒன்று உள்ளது. அதன் முள் மீட்டர் பழுதாகிவிட்டதால், எண்களால் அளவு காட்டும் டிஜிட்டல் மீட்டர் ஒன்றை வாங்கித் தாமே பொருத்திக்கொண்டார். தொட்டியை நிரப்பியதும் மீட்டர் 100 விழுக்காடு என்று காட்டியது. பல நாள் ஓடிய பின்னும் 89 என்றே நின்றது. புதிய மீட்டர் வந்த வேளை, பெட்ரோலும் மிச்சமாகிறது என்று வீட்டார் மகிழ்ந்தனர்.

பின்னர் ஓர் இரவு, கடுங்காய்ச்சல் கண்ட குழந்தையை நகர மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றபோது, தோட்டத்து மண்சாலையில் கார் நின்றுவிட்டது. மீட்டரோ 63 என்று காட்டிக்கொண்டிருந்தது. பெட்ரோல் தீர்ந்திருக்கும் என்ற எண்ணமே அவருக்கு எழவில்லை. பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். பேட்டரிக் கம்பிகளை ஆட்டிப் பார்த்தார். முக்கால் மணி நேரம் வீணாயிற்று. நல்வாய்ப்பாக அவ்வழியே லோரி ஒன்று வந்தது. குழந்தை மருத்துவமனை சேர்ந்து நலமடைந்தது. லோரி வராதிருந்தால்?

இத்தனைக்கும் அந்த மீட்டர் பழுதானதன்று, கம்பியும் அறுந்திருக்கவில்லை. அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? அதனை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

தொட்டிக்குள் இருப்பது யாது?

பெட்ரோல் தொட்டிக்குள் ஒரு மிதவை உண்டு. மலாய் மொழியில் இதனைப் பெலாம்புங் என்பர். பெட்ரோல் ஏறினால் மிதவை உயரும், இறங்கினால் தாழும். மிதவையைத் தாங்கும் கைக்கம்பியின் மறுமுனை, மின்தடைப் பட்டை ஒன்றின்மீது உரசி நகர்கிறது. நீர் ஓடும் ரப்பர்க் குழாயை விரலால் அழுத்தினால் நீரோட்டம் குறைவதைப் போல, மின்னோட்டத்தைக் குறைக்கும் தன்மையே மின்தடை. அதனை 'ஓம்' என்னும் அலகால் அளக்கிறோம்.

ஆகவே, மீட்டருக்கு லிட்டர் தெரியாது. ஓம் மட்டுமே தெரியும். ஓம் கணக்கை லிட்டர் கணக்காக மாற்றிச் சொல்லும் வேலையை நாம்தாம் அதற்குக் கற்பிக்க வேண்டும்.

எல்லா மிதவையும் ஒன்றல்ல

ஜப்பானியக் கார்கள் பலவற்றில், தொட்டி வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ 110 ஓமும், நிறைந்திருக்கும்போது ஏறத்தாழ 3 ஓமும் இருக்கும். ஐரோப்பியக் கார்களில் காணப்படும் வி.டி.ஓ. வகையில் இது தலைகீழ்: வெறுமைக்கு 10, நிறைவுக்கு 180. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகள் பலவற்றில் வெறுமைக்கு 0, நிறைவுக்கு 90. மற்றோர் அமெரிக்க வகையில் வெறுமைக்கு 240, நிறைவுக்கு 33. தனியே விற்கப்படும் டிஜிட்டல் மீட்டர்கள் பலவற்றில், இத்தகைய வகைகளுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு.

நம் நண்பர் 240–33 வகையைத் தேர்ந்தெடுத்துவிட்டார். அவர் காரில் இருந்த மிதவையோ 110–3 வகை. இப்பொழுது கணக்கிட்டுப் பார்ப்போம். 240க்கும் 33க்கும் இடைவெளி 207. தொட்டி காலியாகும்போது மிதவை தருவது 110 ஓம். 240இலிருந்து 110ஐக் கழித்தால் 130. 207இல் 130 என்பது 63 விழுக்காடு! தொட்டி வறண்டு போனாலும் அந்த மீட்டர் 63க்குக் கீழே இறங்க வழியே இல்லை. மிதவை 55 ஓம் காட்டும் பாதித் தொட்டியில் அது 89 என்றுதான் சொல்லும். பெட்ரோல் மிச்சமாகவில்லை, கணக்குத்தான் பிசகியது.

வேலையைத் தொடங்குமுன்

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படிந்து பரவும். காற்றில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு கலந்தாலே ஒரு சிறு பொறியில் தீப்பற்றும். எனவே காரைத் திறந்த வெளியில் நிறுத்துக. பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. சிகரெட்டும் சாம்பிராணியும் அடுப்பும் அருகில் ஆகா. ஈயப்பற்று வைக்கும் வேலைகளைத் தொட்டிக்கு அருகில் செய்யலாகாது. மீட்டர்ப் பக்கத்திலேயே முடித்துக்கொள்க. தொட்டியைத் திறந்து மிதவையை வெளியே எடுக்க நேர்ந்தால், அதனைப் பட்டறையில் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே அறிவுடைமை.

அளந்து பார்த்தல்

மிதவையின் கம்பிகள் சேருமிடம் பெரும்பாலும் பின்னிருக்கையின் அடியிலோ பின்பெட்டியிலோ இருக்கும். அந்த இணைப்பைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து, மிதவைக்குச் செல்லும் இரு முனைகளுக்கிடையே அளக்க வேண்டும். பெட்ரோல் பம்பும் தொட்டிக்குள்ளேயே உள்ள கார்களில், பம்பின் கம்பிகளும் அதே இணைப்பில் இருக்கும். கம்பி நிறங்களை அந்தக் காரின் பழுதுபார்ப்பு நூலில் சரிபார்த்த பின்னரே கை வைக்க வேண்டும். சோதனை விளக்கைக் கொண்டு மிதவையைச் சோதிக்கலாகாது. அதன் மின்னோட்டம் மெல்லிய தடைப் பட்டையைக் கருக்கிவிடும்.

பெட்ரோல் குறைந்திருக்கும்போது ஒரு முறையும், நிரப்பிய பின் ஒரு முறையும் அளந்து, இரண்டையும் எழுதி வைத்துக்கொள்க. எந்த வகை மிதவை என்பது அப்போதே விளங்கிவிடும்.

இணைக்கும் முறை

டிஜிட்டல் மீட்டர்களில் இருவகை உண்டு. ஒரு வகையில் மிதவைக் கம்பியை நேரே இணைக்கலாம். வேண்டிய மின்தடை மீட்டருக்குள்ளேயே இருக்கும். மற்றொரு வகை 0 முதல் 5 வோல்ட் வரையிலான மின்னழுத்தத்தை மட்டுமே படிக்கும். இவ்வகைக்கு, 'ரெசிஸ்டர்' என்று கடைகளில் விற்கும் மின்தடைத் துண்டு ஒன்றை நாம் சேர்க்க வேண்டும். எவ்வகை என்பதை மீட்டருடன் வரும் கையேட்டில் காண்க.

இரண்டாம் வகைக்கு, மீட்டர் தரும் 5 வோல்ட் முனையிலிருந்து 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை மிதவைக் கம்பியுடன் சேர்த்து, அவை சேரும் இடத்திலிருந்து மீட்டரின் அளவு வாங்கும் முனைக்கு ஒரு கம்பி கொடுக்க வேண்டும். 110–3 வகை மிதவையானால், வெறுந்தொட்டியில் 1.25 வோல்ட்டும், பாதியில் 0.71 வோல்ட்டும், நிறைந்த தொட்டியில் 0.05 வோல்ட்டும் கிடைக்கும். மின்னோட்டம் 15 மில்லி ஆம்பியருக்கு மேற்படாது. ஆகவே கால் வாட் ரெசிஸ்டர் போதும்.

ரெசிஸ்டரை 5 வோல்ட்டுக்குப் பதிலாகக் காரின் 12 வோல்ட்டில் இணைத்தல் பெரும் பிழை. மிதவைக் கம்பி கழன்ற கணத்தில் 12 வோல்ட் முழுவதும் மீட்டருக்குள் பாய்ந்து அதனைக் கெடுக்கக்கூடும். பழைய முள் மீட்டரையும் அதே கம்பியில் விட்டுவைக்கலாகாது. அதுவும் தன் மின்சாரத்தை அக்கம்பியில் செலுத்துவதால், இரண்டுமே பொய் சொல்லும்.

இரும்புத் தகட்டின் துளை வழியே கம்பி செல்லுமிடத்தில் ரப்பர் வளையம் பொருத்துவது கட்டாயம். தோல் உரிந்து கம்பி தகட்டைத் தொட்டால் 0 வோல்ட் ஆகிவிடும்; நம் வகை மிதவையில் அதற்குப் பொருள் 'தொட்டி நிறைந்துள்ளது' என்பதே! பல நாள் ஓடியும் மீட்டர் இறங்கவில்லையெனில் மகிழ்ச்சி அடைய வேண்டா, ஐயம் கொள்க.

எர்த் கம்பியை மறவாதீர்

பழைய கார்களில் மிதவையின் எர்த், தொட்டியின் தகட்டு வழியே செல்வதுண்டு. துருவும் சேறும் ஏறிய தகடு, தானே ஒரு மின்தடையாகிவிடுகிறது. 10 ஓம் கூடினால், ஜப்பானிய வகையில் மீட்டர் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு குறைத்துக் காட்டும். வி.டி.ஓ. வகையிலோ, இல்லாத பெட்ரோலை இருப்பதாகக் காட்டும், இதுவே ஆபத்தானது. ஆதலால் மிதவையின் எர்த் முனையிலிருந்து மீட்டரின் எர்த் முனைக்குத் தனிக்கம்பி ஒன்றை இழுத்துவிடுவது நலம்.

லிட்டர் கணக்கைக் கற்பித்தல்

தொட்டி நேர்ச்சதுரப் பெட்டியன்று. அடியில் குறுகியும் நடுவில் அகன்றும் இருக்கலாம். எனவே வெறுமை, நிறைவு என்னும் இரு குறிகள் போதா. பெட்ரோல் குறைந்த நிலையில், கூட்டமில்லாத நேரத்தில் பெட்ரோல் நிலையம் செல்க. தரை சமமாக இருத்தல் வேண்டும். இயந்திரத்தை நிறுத்தி 5 லிட்டர் ஊற்றுக. குழாயைத் திரும்ப மாட்டி, தொட்டியை மூடிய பின்னரே சாவியைத் திருகுக. எண் அசையாது நின்றதும் குறித்துக்கொண்டு, சாவியை அணைத்து, அடுத்த 5 லிட்டரை ஊற்றுக. தொட்டி நிறையும்வரை இவ்வாறே செய்து, கிடைத்த பட்டியலை மீட்டரில் பதிவு செய்க. இவ்வாறு பதிவு செய்ய இடந்தராத மீட்டரை வாங்காதிருப்பதே மேல்.

மேடுபள்ளமான மண்சாலையில் பெட்ரோல் அலைமோதுவதால் எண்கள் தாவும். மீட்டரில் சராசரி பார்க்கும் வசதி இருந்தால், அதனைப் பல விநாடிகளுக்கு நீட்டி வைக்க வேண்டும்.

இறுதியாக ஒன்று. '0' என்பதை முற்றிலும் வறண்ட தொட்டிக்கு வைக்க வேண்டா. இன்னும் 5 லிட்டர் எஞ்சியிருக்கும் நிலைக்கு வையுங்கள். நம் நண்பர் இப்போது அப்படித்தான் வைத்திருக்கிறார். அளந்தவர் அவர், எழுதியவர் இடைநிலைப் பள்ளியில் பயிலும் அவர்தம் மகள். பட்டியலின் ஒரு படி காரின் கையுறைப் பெட்டிக்குள் இருக்கிறது.

எண்கள் ஒளிர்ந்து தோன்றுவதனாலேயே அவை உண்மையாகிவிடா. நாம் அளந்து, எழுதி, சரிபார்த்த எண்ணே உண்மையான எண். நள்ளிரவில் நோயுற்றவரை ஏற்றிக்கொண்டு புறப்படும்போது நமக்குத் துணை நிற்பதும் அதுவே.

பயிற்சி வினாக்கள்

1. 110–3 வகை மிதவையை 240–33 வகைக்கு வைத்த மீட்டரில் இணைத்தால், வெறுந்தொட்டியில் 63 என்று காட்டுவது ஏன்?
2. கம்பி தகட்டைத் தொட்டுவிட்டால், உங்கள் காரின் மீட்டர் நிறைவு என்று காட்டுமா, வெறுமை என்று காட்டுமா?
3. ரெசிஸ்டரை 12 வோல்ட்டில் இணைக்கலாகாது என்பதற்குக் காரணம் யாது?