கொக்கா, நாரையா, உள்ளானா?
சுங்கை பூலோவில் பறவைகளை அடையாளம் காணுதல்

நம்மில் பெரும்பாலோர்க்குத் தெரிந்த பறவைப் பெயர்களை எண்ணினால் பத்து விரல்களுக்குள் அடங்கிவிடும். காகம், மைனா, புறா, கிளி, குயில், கொக்கு. இவை தமிழ்ப்பள்ளியின் முதலாம் ஆண்டிலேயே படித்து முடித்த பெயர்கள். அதன் பிறகு நான் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதால், எனக்குத் தெரிந்த மற்றப் பறவைகளெல்லாம் மலாய்ப் பெயர் சூட்டிக்கொண்டுதான் வந்தன. மீன்கொத்தியை மலாய்க்காரர்கள் ‘ராஜா ஊடாங்’, அதாவது இறால் ராஜா என்பார்கள். நாம் மீனைக் கொத்துகிறது என்றோம். அவர்கள் இறாலுக்கு ராஜாவாக்கிவிட்டார்கள். கண்டல் காட்டில் அது பிடிப்பது இரண்டையும்தான், நண்டையும் சேர்த்து.

சிங்கப்பூரின் நாட்டுப் பறவைகளை எப்படி இனங்கண்டுகொள்வது என்பதே இக்கட்டுரையின் நோக்கம். அதற்கு முன், ‘நாட்டுப் பறவை’ என்றால் என்ன? மனிதன் கொண்டுவந்து விடாமல், தானாகவே ஓரிடத்தில் வாழ்ந்து இனம் பெருக்கும் பறவையே நாட்டுப் பறவை. தானாகப் பறந்து வந்து சில மாதங்கள் தங்கிச் செல்லும் வலசைப் பறவைகளையும் இத்துடன் சேர்ப்பதே வழக்கம். கூண்டிலிருந்தும் கப்பலிலிருந்தும் வந்து பெருகியவை இதில் சேரா. இந்த இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேக்காவில் ஒரு சுற்று சுற்றினால் சற்று அதிர்ச்சியாக இருக்கும்.

சிராங்கூன் சாலையில் நாம் அன்றாடம் காணும் காகம் நாட்டுப் பறவை அன்று. கழுத்து சாம்பல் நிறமாக இருக்கும் இந்த வீட்டுக் காகம் இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. 1890களில், காப்பித் தோட்டங்களை நாசமாக்கிய புழுக்களைத் தின்பதற்கென்று இலங்கையிலிருந்து கிள்ளான் வட்டாரத்திற்கு இதனைக் கொண்டுவந்தார்கள். காப்பி போய் ரப்பர் வந்தது, காகம் போகவில்லை. 1940களில் சிங்கப்பூருக்கும் வந்து சேர்ந்தது. அதே தோட்டங்களுக்கு வேலைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்கள் இம்மலரைப் படிப்போரில் எத்தனை பேர் என்று நான் சொல்லத் தேவையில்லை. இந்நாட்டுக்குரிய காகம் அண்டங்காக்கை. உடல் முழுவதும் கறுப்பு, அலகு தடிமன், உருவமும் பெரிது. கழுத்தைப் பார்த்தால் போதும்; ஐயம் தீர்ந்துவிடும்.

மைனாவின் கதையும் இத்தகையதே. உணவங்காடி மேசைகளில் நம் தட்டை எட்டிப் பார்க்கும் கருஞ்சாம்பல் நிற மைனா ஜாவா மைனா. கூண்டுப் பறவை வணிகத்தின் வழி 1920களில் இங்கு வந்தது. பாடநூலில் நாம் படித்த மைனா வேறு: பழுப்பு உடல், கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். அது மலாயாவின் வடபகுதியிலிருந்து தானே மெல்ல மெல்லத் தெற்கே பரவி 1930களில் சிங்கப்பூரை எட்டியது. இன்று ஜாவா மைனாவின் பெருக்கத்தில் அது ஒதுங்கிப் போய்விட்டது.

குயில் மட்டும் சற்று வேறுபட்டது. முன்பு இங்கு வலசை வந்து போகும் பறவையாக இருந்த குயில், 1980களிலிருந்து இங்கேயே இனம் பெருக்கத் தொடங்கியது. காரணம் எளிது: முட்டையிடக் காகக் கூடுகள் ஏராளமாகக் கிடைத்தன! கறுப்பாகவும் சிவந்த கண்ணுடனும் இருப்பது ஆண், கூவுவதும் அதுவே. பழுப்பில் வெள்ளைப் புள்ளிகள் உள்ளது பெண். விடியற்காலை ஐந்து மணிக்குக் கூவும் குயிலைப் பற்றி அடுக்குமாடி வாசிகள் புகார் கொடுக்கிறார்கள் என்பதைத் தமிழ்க் கவிஞர்கள் யாரும் கேள்விப்படாமல் இருந்தால் நல்லது.

இனி, சுங்கை பூலோவுக்குச் செல்வோம்.

‘மூங்கில் ஆறு’ என்று பொருள்படும் பெயர்கொண்ட இவ்விடம் தீவின் வடமேற்கு மூலையில், ஜொகூர் நீரிணையை ஒட்டி அமைந்துள்ளது. முன்பு இங்கு இறால் பண்ணைகள் இருந்தன. 1986இல் மலாயா இயற்கைக் கழகத்தின் சிங்கப்பூர்க் கிளையைச் சேர்ந்த பறவை ஆர்வலர்கள் இங்கு வலசைப் பறவைகள் திரண்டிருப்பதைக் கண்டு, இதனைக் காக்க வேண்டுமென அரசிடம் முன்மொழிந்தனர். 1989இல் இயற்கைப் பூங்காவாக ஒதுக்கப்பட்டு, 1993 டிசம்பர் 6ஆம் நாள் அப்போதைய பிரதமர் திரு. கோ சோக் டோங் அவர்களால் திறந்துவைக்கப்பட்டது. 2002இல் 130 ஹெக்டர் பரப்பளவுடன் சட்டப்படி காப்பு வனமானது. 2003இல் ஆசியான் மரபுடைமைப் பூங்கா என்ற தகுதியைப் பெற்றது. சிங்கப்பூரில் அத்தகுதியை முதலில் பெற்றது இதுவே.

பறவை பார்க்க விரும்புவோர் அந்தப் பழைய இறால் குளங்களைத்தான் முதலில் கவனிக்க வேண்டும். அவற்றின் மதகுகள் இன்றும் இயங்குகின்றன. குளத்து நீரின் ஆழத்தை அவற்றால்தான் கட்டுப்படுத்துகிறார்கள். கடல் வற்றியிருக்கும்போது கரைப்பறவைகள் மண்டாய்ச் சேற்றுவெளி போன்ற திறந்த இடங்களில் இரை தேடும். கடல் பொங்கியதும் அந்தச் சேறு மூழ்கிவிடும். அப்போது அவை ஆழமில்லாத இந்தக் குளங்களுக்கு வந்து ஒதுங்கும். ஆகவே, ‘காலையில் போனால் பறவை பார்க்கலாம்’ என்பது காட்டுக்குப் பொருந்தும். இங்கே அது பாதி உண்மைதான். கடல் ஏறும் நேரத்தைப் பார்த்துவிட்டுச் செல்லுங்கள். மாதம் என்று கேட்டால், செப்டம்பர் முதல் மார்ச் வரை. தேர்வுக் காலமும் அதில் அடக்கம், என்ன செய்வது.

கையில் தொலைநோக்கி இருப்பது நல்லது. 8x42 என்று எழுதியிருந்தால், எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன் கண்ணாடியின் விட்டம் 42 மில்லிமீட்டர் என்று பொருள். பத்து மடங்குக்கு ஆசைப்பட்டால் கை நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும். எட்டே போதும்.

பறவையைக் கண்டவுடன் பலர் செய்வது, உடனே நிறத்தைப் பார்ப்பது. நிறம் வெயிலுக்கேற்ப மாறும். நிழலில் எல்லாமே பழுப்புதான். முதலில் உருவ அளவைத் தெரிந்த பறவையோடு ஒப்பிடுங்கள்: மைனாவைவிடச் சிறியதா, காகத்தைவிடப் பெரியதா? பிறகு அலகு, கால், நடை. நிறம் கடைசியில் வரட்டும்.

மீன்கொத்திகளில் தொடங்குவது எளிது, ஏனெனில் அவை அசையாமல் உட்கார்ந்திருக்கும். நீலப்பச்சை முதுகு, வெள்ளை வயிறு, கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை இருந்தால் அது கழுத்துப்பட்டை மீன்கொத்தி. கண்டல் காட்டில் அதிகமாகச் சத்தம் போடுவதும் இதுவே. தலையும் வயிறும் சாக்லெட் நிறமாய், தொண்டையும் மார்பும் வெள்ளையாய், அலகு சிவப்பாய் இருந்தால் வெண்தொண்டை மீன்கொத்தி. தமிழ்நாட்டில் மின்கம்பிகளின் மேல் காண்பது இதைத்தான். உருவம் பெரிது, அலகு அதைவிடப் பெரிது என்று தோன்றினால், செம்மஞ்சள் வயிற்றோடு இருப்பது நாரையலகு மீன்கொத்தி. மூன்றும் இங்கேயே வாழ்பவை. இவற்றோடு, சிட்டுக்குருவியைவிடச் சற்றே பெரிதாக நீர்மட்டத்தை ஒட்டி நீல மின்னலாய்ப் பறப்பது சிறுநீல மீன்கொத்தி, அது வலசையாளர்.

அடுத்து வெண்ணிறப் பறவைகள். பெருங்குழப்பம் இங்குதான். வெள்ளையாய் நீண்ட கழுத்தோடு நின்றால் நமக்கு எல்லாமே கொக்கு. கால் கறுப்பு, பாதம் மஞ்சள், அலகு கறுப்பு என்றால் சின்ன வெண்கொக்கு. காலணி கழற்றாமல் சேற்றில் இறங்கியதுபோல் அந்த மஞ்சள் பாதம் பளிச்சென்று தெரியும். கால், பாதம் இரண்டுமே கறுப்பாய், உருவம் பெரிதாய், வாய்க்கோடு கண்ணைத் தாண்டிப் பின்னே நீண்டிருந்தால் பெரிய வெண்கொக்கு. குட்டைக் கழுத்தும் மஞ்சள் அலகுமாகப் புல்வெளியில் திரிவது உண்ணிக்கொக்கு.

இந்த இடத்தில் தமிழ் நமக்கு ஒரு சிக்கலைத் தருகிறது. சாம்பல் நாரை, செந்நாரை என்று நாம் அழைப்பவை உண்மையில் கொக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. மஞ்சள் மூக்கு நாரை வேறு குடும்பம். ஒரே சொல்லுக்குள் இரு குடும்பங்கள். சத்திமுத்தப் புலவர் தூது அனுப்பியது செங்கால் நாரையை. அது இரண்டாம் குடும்பம், சிங்கப்பூருக்கு வருவதும் இல்லை. இவ்விரு குடும்பங்களையும் பிரித்தறிய ஓர் எளிய வழி உண்டு: பறக்கும்போது பாருங்கள். கொக்குக் குடும்பம் கழுத்தை மடக்கித் தோளுக்குள் செருகிக்கொண்டு பறக்கும். உண்மையான நாரை கழுத்தை முன்னே நீட்டிக்கொண்டு பறக்கும். எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் இந்த வேறுபாடு தெரியும்.

வானத்தைப் பார்க்கும்போதே இன்னொன்று. செங்காவி உடலும் வெள்ளைத் தலையுமாய் வட்டமிடுவது செம்பருந்து. குடமுழுக்கின்போது கோபுரத்தின்மேல் வந்துவிட்டதா என்று நம் பெரியவர்கள் அண்ணாந்து தேடும் கருடன் இதுவேதான். இங்கு நாட்டுப் பறவை. மலாயிலும் இதன் பெயர் ‘லாங் மேரா’, சிவப்புப் பருந்து. இரு மொழியினரும் ஒரே அடையாளத்தைப் பிடித்திருக்கிறார்கள். இதைவிடப் பெரிதாய், வெள்ளை வயிறும் சாம்பல் இறக்கையுமாய், இறக்கைகளை மேல்நோக்கி உயர்த்தியபடி மிதந்தால் அது வெண்வயிற்றுக் கடற்கழுகு.

கரைப்பறவைகளே சுங்கை பூலோவின் சிறப்பு. கடினமான பாடமும் அவையே. பிரதானக் குளத்தின் பார்வைக் குடிலில் அமர்ந்து, கூட்டத்தில் மிகுதியாக உள்ளதை முதலில் கற்றுக்கொள்ளுங்கள். அது பெரும்பாலும் பவளக்காலியாக இருக்கும். ஆரஞ்சுச் சிவப்புக் கால், அலகின் அடியிலும் அதே சிவப்பு. பறக்கும்போது இறக்கையின் பின்விளிம்பில் அகன்ற வெள்ளைப் பட்டை. பவளக்காலியைக் கற்றுக்கொண்டால் மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டே சொல்லிவிடலாம். அதைவிட உயரம், பச்சைக் கால், அலகு சற்றே மேல்நோக்கி வளைவு என்றால் பச்சைக்காலி. அலகு ஊசிபோல் மெலிந்து நேராக இருந்தால் சதுப்பு உள்ளான். அலகு நீண்டு கீழ்நோக்கி வளைந்து, தலையில் கோடுகளும் இருந்தால் விம்பிரல். ஓடி, நின்று, கொத்தி, மறுபடி ஓடும் குட்டை அலகுப் பறவை பொன்னிற உப்புக்கொத்தி. கரையோரம் தனியாக, ஓயாமல் வாலாட்டிக்கொண்டிருப்பது சாதா உள்ளான். நிற்கும்போதும் ஆட்டம் ஓயாது, அதனால் தொலைநோக்கி இல்லாமலே சொல்லிவிடலாம்.

இப்பறவைகள் எங்கிருந்து வருகின்றன? கிழக்காசியக் கடலோரம் வழியாகவே வருகின்றன என்று நெடுங்காலம் கருதப்பட்டது. சுங்கை பூலோவில் பிடித்து, கண்காணிப்புக் கருவி பொருத்தி அனுப்பப்பட்ட கரைப்பறவைகள் வேறொரு செய்தியையும் கொண்டுவந்தன. 2020இல் வெளியான ஆய்வின்படி அவற்றில் சில இமயமலையையே கடந்து சென்றுள்ளன. நூற்றைம்பது கிராம்கூடத் தேறாத பவளக்காலி திபெத்தியப் பீடபூமிக்குச் சென்று முட்டையிட்டுத் திரும்புகிறது. அது திரும்பும்போது இங்கே குளமும் சேற்றுவெளியும் இரண்டும் இருக்க வேண்டும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றை இழந்தால், உண்ண இடமிருந்து ஒதுங்க இடமில்லை, அல்லது ஒதுங்க இடமிருந்து உண்ண ஒன்றுமில்லை. 2020இல் சுங்கை பூலோவைச் சுற்றி 400 ஹெக்டர் பரப்பிலான பூங்கா வலையமைப்பு அறிவிக்கப்பட்டபோது மண்டாய்ச் சேற்றுவெளியும் அதில் சேர்க்கப்பட்டது இதனால்தான் முக்கியம்.

கடைசியாக, தமிழர்களான நாம் கண்டவுடன் ‘நம்ம ஊர்ப் பறவை’ என்று மகிழக்கூடிய ஒன்று. வேடந்தாங்கலிலும் கூந்தன்குளத்திலும் கூடு கட்டும் மஞ்சள் மூக்கு நாரை இங்கும் மரங்களில் கூட்டமாக நிற்கும். அது இங்கே நாட்டுப் பறவை அன்று. விலங்கியல் தோட்டத்தில் சுதந்திரமாகப் பறக்கவிடப்பட்டவற்றின் வழி வந்தது. அழகாய் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டுமே என்று விட்டுவிட முடியாதபடி ஒரு சிக்கல் உள்ளது. இவ்வட்டாரத்திற்கு உரிய பால் நாரை அழியும் நிலையில் உள்ள இனம். பேராக் மாநிலத்தின் கோலா குலாவில் கூண்டில் வளர்த்தவற்றை விட்டு அதனை மீட்க முயன்றிருக்கிறார்கள். சிங்கப்பூரில் இவ்விரு நாரைகளும் இணைசேர்ந்து கலப்பினம் உண்டாகியுள்ளது. கலப்பு பரவினால் தூய பால் நாரை என்பதே இல்லாமல் போகலாம். குற்றம் எந்தப் பறவையுடையதும் அன்று; கொண்டுவந்து விட்டது மனிதன்.

வேறுபாடு இதுதான். பால் நாரைக்கு இறக்கையின் விளிம்பும் வாலும் கறுப்பு. மற்ற உடல் வெள்ளை. மஞ்சள் மூக்கு நாரைக்கு மார்பின் குறுக்கே கறுப்பும் வெள்ளையுமான பட்டை, இறக்கைமேல் கறுப்பில் வெள்ளைச் செதில்கள், வாலருகே இளஞ்சிவப்பு இறகுகள். வெள்ளை நாரையாகத் தோன்றி, மார்பில் மங்கலான பட்டையோ, வாலருகே இளஞ்சிவப்புச் சாயலோ இருந்தால் அது கலப்பினமாக இருக்கலாம். அப்படி ஒன்றைக் கண்டால் படம் எடுத்து, நாள், நேரம், குளத்தின் பெயர் ஆகியவற்றை அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். தேக்காவிலிருந்து புறப்பட்டால் டோபி காட்டில் ரயில் மாறி, கிராஞ்சியில் இறங்கி, 925ஆம் எண் பேருந்தைப் பிடிக்க வேண்டும். தொப்பியும் தண்ணீரும் மறவாதீர். ஓடைக்கரையில் கட்டைபோல் கிடப்பதை மிதிக்கவும் வேண்டாம். அங்கு முதலைகள் உண்டு.