ராக்கெட் எந்த இடத்தில் விண்வெளிக்குள் நுழைகிறது?

கேள்வி: ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விட்டால் எங்கள் மொட்டை மாடியிலிருந்து மணலிப் பக்கமாக ஏறுவது தெரியும். சற்று நேரத்தில் மறைந்துவிடும். காற்றும் புவியீர்ப்பும் முடிகிற இடத்தைத் தாண்டிவிட்டது என்று அர்த்தமா?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: இல்லை. பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் முதல் கட்டம் ஏறத்தாழ இரண்டு நிமிடத்தில் எரிந்து தீர்ந்துவிடும். அந்தப் பெரிய நெருப்பு அணைவதால்தான் உங்கள் கண்ணுக்கு மறைகிறது. விண்வெளி அப்போதும் மேலேதான் இருக்கிறது.

ஈர்ப்பு எங்கும் அறுந்துபோவதில்லை. 100 கி.மீ. உயரத்தில்கூடத் தரையில் உள்ளதில் 97 சதவீதம் இருக்கும். பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் வீரர்கள் மிதப்பது, நிலையமும் அவர்களும் சேர்ந்தே பூமியைச் சுற்றி விழுந்துகொண்டிருப்பதால்.

காற்றுக்கும் கூரை கிடையாது. வெப்பநிலை எங்கே திசை மாறுகிறது என்று பார்த்துத்தான் அடுக்குகளைப் பிரித்திருக்கிறார்கள். மேகமும் மழையும் புயலும் நடக்கிற கீழடுக்கு நம் ஊருக்கு மேலே சுமார் 16, 17 கி.மீ. வரை, ஏற ஏறக் குளிரும். அதற்கு மேலே மீள் அடுக்கில், ஓசோன் புற ஊதாக் கதிரை உறிஞ்சுவதால், மறுபடி சூடேறும். மீனம்பாக்கத்தில் வானிலைத் துறை விடும் பலூன் இங்கே போய்த்தான் வெடிக்கிறது. ராக்கெட் விட்டுச்சென்ற புகை சிறிது நேரத்தில் கோணல்மாணலாக நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு உயரத்திலும் காற்று வேறு வேறு திசையில், வேறு வேகத்தில் வீசுவதை அந்தப் புகை அப்படியே வரைந்து காட்டுகிறது. சுமார் 50 கி.மீ.க்கு மேல் இடையடுக்கு. எரிநட்சத்திரங்கள் பெரும்பாலும் எரிவது அங்கே. அதையும் தாண்டினால் வெப்ப அடுக்கு. விண்வெளி நிலையம் சுற்றும் 400 கி.மீ. உயரத்திலும் மிச்சமிருக்கும் காற்று அதை இழுத்துத் தாழ்த்துகிறது. அவ்வப்போது எஞ்சினை இயக்கி உயர்த்த வேண்டியிருக்கிறது.

அப்படியானால் விண்வெளி 100 கி.மீ.யில் தொடங்குகிறது என்ற கணக்கு எப்படி வந்தது? விமானத்தை இறக்கையில் தாங்குவது காற்று. காற்று மெலிய மெலிய விமானம் இன்னும் வேகமாகப் பறந்தாக வேண்டும். ஓர் உயரத்தில் அந்த வேகம் நொடிக்கு 8 கி.மீ.யை நெருங்கிவிடும். அந்த வேகம் இருந்தால் இறக்கையே வேண்டாம், பூமியைச் சுற்றிவரலாம்! தியோடர் வான் கார்மன் என்ற விஞ்ஞானியின் இந்த யோசனையில் பிறந்ததே கார்மன் கோடு. கணக்குப்படி அது 80 கி.மீ.க்குச் சற்று மேலே வரும். முழு எண்ணாக 100 என்று வைத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் 80 கி.மீ. தாண்டினாலே விண்வெளி வீரர்தான். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கையோ எல்லையே சொல்லவில்லை. எப்படி அளந்தாலும், உங்கள் மாடிக்கு வேலூரைவிட விண்வெளி பக்கம்.

அடுத்த முறை நேரலையைப் போட்டுக்கொண்டு மாடிக்குப் போங்கள். புறப்பட்டு மூன்று நிமிடம் அளவில் 'ஹீட் ஷீல்ட்' பிரிந்ததாக அறிவிப்பார்கள். செயற்கைக்கோளைக் காற்றின் உராய்விலிருந்து காக்கும் மூடி அது. 2023 ஜூலை 14 அன்று சந்திரயான்-3ஐச் சுமந்து சென்ற ராக்கெட் அதைக் கழற்றியது சுமார் 115 கி.மீ. உயரத்தில். அறிவிப்பு வந்துவிட்டதென்றால் ராக்கெட் கார்மன் கோட்டைக் கடந்தாயிற்று.